முக்குளிப்பான் போல ஒரு போர்ப்படகு: யு-505 வழியாக ஜெர்மன் நீர்மூழ்கியைப் புரிந்துகொள்வோம்

நம்ம ஊர்க் குளங்களில் முக்குளிப்பான் என்ற சின்னப் பறவையைப் பார்த்திருப்பீர்கள். வாத்துக்குஞ்சு போல நீர்மேல் மிதந்துகொண்டிருக்கும். மீனைக் கண்டாலோ ஆபத்தை உணர்ந்தாலோ சட்டென்று முங்கிவிடும். கொஞ்ச நேரம் கழித்து வேறொரு இடத்தில் தலை தூக்கும். அது வாழ்வது நீருக்கு மேலேதான். நீருக்கடியில் இருப்பது மூச்சு தாங்கும் வரை மட்டுமே.

இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக் கடலைக் கலக்கிய ஜெர்மன் நீர்மூழ்கிகளும் இப்படித்தான். நீர்மூழ்கி என்றதும் எப்போதும் கடலடியிலேயே உலவும் இரும்புத் திமிங்கலம்தான் நம் நினைவுக்கு வருகிறது. இன்றைய அணுசக்தி நீர்மூழ்கிகளுக்கு அது பொருந்தும். அன்றைய ஜெர்மன் படகுகளோ கடல்மட்டத்தில் ஓடுவதற்காகக் கட்டப்பட்டவை. தேவைப்பட்டால் சில மணி நேரம் முங்கி ஒளிந்துகொள்ளத் தெரிந்தவை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அவற்றின் வடிவமைப்பு, சண்டையிட்ட விதம், கடைசியில் அழிந்த விதம் எல்லாம் ஒரே நூலில் கோத்த மாதிரி விளங்கும்.

இதைச் சொல்ல யு-505 என்ற ஒரே ஒரு படகை எடுத்துக்கொள்கிறேன். ஜெர்மானியர்கள் இவற்றைக் 'கடலடிப் படகு' என்று பொருள்படும் சொல்லால் அழைத்தார்கள். அதன் முதல் எழுத்துதான் 'யு'. ஜெர்மனி கட்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட யு-படகுகளில் இன்று முழுசாக மிஞ்சியிருப்பவற்றை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதில் யு-505 ஒன்று. வெற்றி, விபத்து, அவமானம், சிறைபிடிப்பு என்று ஒரு படகுக்கு நேரக்கூடிய எல்லாமே இதற்கு நேர்ந்திருக்கிறது.

முங்குவது எப்படி?

வெறுங்குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள். திமிறிக்கொண்டு மேலே வரும். குடத்தின் வாய் கீழே திறந்துதான் இருக்கிறது. ஆனாலும் உள்ளே மாட்டிக்கொண்ட காற்று, தண்ணீரை நுழைய விடுவதில்லை. இப்போது மேலே தெரியும் குடத்தின் அடிப்பக்கத்தில் ஓர் ஓட்டை போட்டால்? காற்று புஸ்ஸென்று வெளியேறும், கீழிருந்து தண்ணீர் ஏறும், குடம் முங்கும்.

யு-படகின் இரு பக்கமும், முன்னும் பின்னும் இப்படிப்பட்ட பெரிய தொட்டிகள் உண்டு. கீழ்ப்பக்கம் கடல்நீர் நுழைய வழி, மேலே மூடி. முங்க வேண்டுமென்றால் மேல் மூடியைத் திறந்தால் போதும். திரும்ப மேலே வர, அழுத்தி அடைத்து வைத்திருக்கும் காற்றை அந்தத் தொட்டிகளுக்குள் பீய்ச்சுவார்கள். காற்று தண்ணீரை வெளியே தள்ள, படகு எழும்பும்.

கேட்க எளிமையாக இருக்கிறது. கடினம் எங்கே என்றால், முங்கிய பிறகு அந்த ஆழத்திலேயே நிற்பதில்தான். படகு கொஞ்சம் கனத்தாலும் இறங்கிக்கொண்டே போகும், கொஞ்சம் இலேசானாலும் மேலே வந்து எதிரிக்கு முகம் காட்டும். எடையோ ஒவ்வொரு நாளும் மாறுகிறது. ஐம்பது பேர் சாப்பிடுகிறார்கள், எரிபொருள் தீர்கிறது. நீருக்குள் தானே ஓடிப்போய்க் கப்பலில் மோதி வெடிக்கும் டார்பிடோ ஒன்றை விட்டால் ஒரே நொடியில் ஒன்றரை டன் எடை குறைகிறது. அதை ஈடுகட்ட உடனே அந்த அளவுக்குக் கடல்நீரை உள்ளே எடுக்க வேண்டும். இந்தக் கணக்கைப் பார்ப்பது தலைமைப் பொறியாளரின் வேலை. அவர் கணக்கில் தவறினால் தளபதியின் வீரத்தால் ஒரு பயனும் இல்லை.

எரிபொருளுக்கு அவர்கள் கண்ட வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்பது சமையலறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எண்ணெய்த் தொட்டிகளின் அடிப்பக்கத்தைக் கடலுக்குத் திறந்தே விட்டுவிட்டார்கள். மேலிருந்து எண்ணெய் செலவாகச் செலவாக, கீழிருந்து கடல்நீர் அந்த இடத்தை நிரப்பும். தொட்டி எப்போதும் நிறைந்தே இருப்பதால், வெளியே இருந்து அழுத்தும் கடல் அதை நசுக்க முடியாது.

நசுக்குவது என்று சொன்னேன் அல்லவா? பத்து மீட்டர் இறங்கும்போதெல்லாம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஒரு கிலோ கூடுதலாக அழுத்தும். 200 மீட்டர் ஆழத்தில் கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் 20 கிலோ. அதனால்தான் ஆட்கள் இருக்கும் பகுதி ஒரு தடித்த எஃகுக் குழாய். குறுக்கே வெட்டினால் வட்டமாகத் தெரியும். வட்டத்துக்கு அழுத்தத்தை எல்லாப் பக்கமும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் குணம் உண்டு. அந்தக் குழாய்க்கு மேல் கப்பல் வடிவத்தில் ஒரு மெல்லிய வெளிக்கூடு. படங்களில் நாம் பார்க்கும் கூர்மூக்கும் தட்டையான மேல்தளமும் இந்தக் கூடுதான். முங்கத் தெரிந்தும் படகுக்கு ஏன் கப்பல் மாதிரி மூக்கு? அலையைக் கிழித்துக்கொண்டு மேலே ஓடுவதற்கு. அது எதற்காகக் கட்டப்பட்டது என்பதை அந்த மூக்கே சொல்லிவிடுகிறது.

டீசலும் பேட்டரியும்

யு-505 ஒன்பதாம் வகையின் 'சி' பிரிவைச் சேர்ந்தது. ஹாம்பர்க் நகரின் டாய்ச்சே வெர்ஃப்ட் கட்டுமானத் தளத்தில் 1940 ஜூனில் வேலை தொடங்கி, 1941 ஆகஸ்ட் 26 அன்று கடற்படையில் சேர்ந்தது. நீளம் 76.76 மீட்டர். ஆட்கள் வாழ்ந்த உள்குழாயின் விட்டமோ 4.4 மீட்டர்தான். யு-படகுகளில் மிக அதிகம் கட்டப்பட்டது சற்றே சிறிய ஏழாம் வகை. ஒன்பதாம் வகை, தொலைதூரக் கடல்களுக்கென்றே உருவாக்கப்பட்டது.

இப்போது சில எண்களைப் பாருங்கள். இவற்றில்தான் முழுக்கதையும் இருக்கிறது.

கடல்மட்டத்தில் இரண்டு பெரிய டீசல் எஞ்சின்கள் படகை மணிக்கு 34 கிலோமீட்டர் வரை ஓட்டும். சிக்கனமாக ஓட்டினால், எரிபொருள் நிரப்பாமல் ஏறத்தாழ 25,000 கிலோமீட்டர் போகலாம். பூமியைச் சுற்றி வரும் தூரத்தில் பாதிக்கும் மேல்! ஆனால் டீசல் எரியக் காற்று வேண்டும். மூடிய குழாய்க்குள் டீசலை ஓட்டினால் ஆட்கள் மூச்சுவிட வேண்டிய காற்றை அதுவே குடித்துத் தீர்த்துவிடும். அதனால் முங்கும்போது டீசலை நிறுத்திவிட்டு மின்மோட்டாருக்கு மாறுவார்கள். மோட்டாருக்கு மின்சாரம் தருவது தரைக்கு அடியில் வரிசையாக அடுக்கிய ஈய-அமில பேட்டரிகள். கார் பேட்டரியின் அதே ரகம்தான், ஒவ்வொரு செல்லும் மிகப் பெரிது. மொத்தம் 124 செல்கள்.

பேட்டரியில் ஓடும்போது உச்ச வேகம் மணிக்கு 13.5 கிலோமீட்டர். அந்த வேகத்தில் போனால் ஓரிரு மணி நேரத்தில் சார்ஜ் தீர்ந்துவிடும். நடை வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக, மணிக்கு 7 கிலோமீட்டர் சொச்சத்தில் நகர்ந்தால் 117 கிலோமீட்டர் போகலாம். அதாவது பதினாறு மணி நேரம். அப்புறம்? மேலே வந்தே ஆக வேண்டும். டீசலை இயக்கி, மோட்டாரையே ஜெனரேட்டராக மாற்றிச் சுழலவிட்டு, மணிக்கணக்காகப் பேட்டரியை நிரப்ப வேண்டும்.

மேலே 25,000 கிலோமீட்டர், கீழே 117. இந்த வித்தியாசத்தைக் கண்டபோதுதான் எனக்கே யு-படகு என்றால் என்னவென்று புரிந்தது. எதிரிக்குப் படகை மூழ்கடிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஒரு நாள் முழுக்க மேலே வரவிடாமல் தலைக்கு மேல் காத்திருந்தால் போதும். பேட்டரியும் காற்றும் தீர்ந்து அதுவாகவே வெளியே வரும்.

பேட்டரியிடம் இன்னொரு ஆபத்தும் உண்டு. படகுக்குள் கசியும் கடல்நீர் பேட்டரி அமிலத்தைத் தொட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குழாய்க்குள் நச்சுவாயு. தண்ணீர் கசிகிறது என்ற குரல் கேட்டதும் மாலுமிகள் முதலில் நினைப்பது பேட்டரி அறையைத்தான்.

இரவில் மேலே, பகலில் கீழே

வேட்டையாடும் முறையும் இதே கணக்கிலிருந்துதான் வந்தது. பிரிட்டனுக்கு உணவும் எண்ணெயும் ஆயுதமும் கொண்டுவந்த சரக்குக் கப்பல்கள், போர்க்கப்பல் காவலோடு கூட்டம் கூட்டமாகப் போயின. அந்தக் கூட்டங்களின் வேகம் பெரும்பாலும் மணிக்கு 13 முதல் 18 கிலோமீட்டர். முங்கிய யு-படகால் இவற்றைத் துரத்திப் பிடிக்க முடியாது. மேலே வந்தால் முந்திப்போய் வழிமறிக்கலாம்.

காவல் கப்பல்களிடம் இருந்த கருவி, நீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்டு நீர்மூழ்கியைத் தேடும். கடல்மட்டத்தில் மிதக்கும் படகு அதற்குச் சிக்காது. எனவே யு-படகுப் படைத்தலைவர் கார்ல் டோனிட்ஸ் சொல்லிக்கொடுத்த வழி இதுதான்: இரவில் மேல்மட்டத்திலேயே நெருங்கு, தாக்கு, பிறகு முங்கு. படகின் மேல்தளத்தில் எழுந்து நிற்கும் தாழ்வான கருத்த கோபுரம் இருட்டு அலைகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாது. ஒரு படகு கப்பல் கூட்டத்தைக் கண்டால் ரேடியோவில் தகவல் சொல்லும், மற்ற படகுகளும் வந்து சேர்ந்துகொள்ளும். ஓநாய்க் கூட்டம் என்று அதற்குப் பெயர்.

ஆனால் இதற்காகப் படகுகள் ஓயாமல் ரேடியோவில் பேச வேண்டியிருந்தது. பேசும் செய்தியை எனிக்மா என்ற இயந்திரத்தால் சங்கேதமாக்கினார்கள். தட்டச்சுப் பொறி போன்ற அதில் ஓர் எழுத்தைத் தட்டினால் உள்ளே சக்கரங்கள் சுழன்று வேறோர் எழுத்தைக் காட்டும். சக்கரங்களை எப்படி வைப்பது என்பது நாளுக்கு நாள் மாறும். இந்தப் பூட்டைப் பிரிட்டனின் பிளெச்லி பார்க்கில் உடைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது ஜெர்மானியர்களுக்குப் போர் முடியும் வரை தெரியாது. சங்கேதத்தைப் படிக்க முடியாத நேரத்திலும், அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அளந்து படகு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகள் எதிரியிடம் இருந்தன.

ஆயுதம் என்று பார்த்தால், முன்னால் நான்கு குழாய், பின்னால் இரண்டு, மொத்தம் 22 டார்பிடோக்கள். மாலுமிகள் டார்பிடோவை 'விலாங்கு' என்பார்கள். ஏழு மீட்டர் நீளமுள்ள விலாங்கு. உள்ளே இடம் போதாமல் சிலவற்றை மேல்தளத்துக்கு அடியில் வெளிக்கூட்டில் வைத்திருந்தார்கள். முன்பகுதியில் டார்பிடோவுக்குப் பக்கத்திலேயே மடக்குக் கட்டில். ஒருவர் காவலுக்கு எழுந்து போனதும் இன்னொருவர் அதே சூட்டில் வந்து படுப்பார். நன்னீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும், குளியல் கிடையாது. ரொட்டியில் பூசணம் பூக்கும். மாதக்கணக்கில் டீசல் வாடையும் வியர்வை வாடையும் ஒன்றாய்க் கலந்து கிடக்கும்.

இந்தப் படகுகள் அழித்தவர்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். டார்பிடோ பட்டவை பெரும்பாலும் சரக்குக் கப்பல்கள். அவற்றில் இருந்தவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்த சாதாரணக் கப்பலாட்கள். பிரிட்டிஷ் கப்பல்களின் எஞ்சின் அறைகளில் கரி அள்ளியவர்களில் இந்திய மாலுமிகள் ஏராளம். போர் முழுவதிலுமாக ஆயிரக்கணக்கான இந்திய மாலுமிகள் கடலில் செத்தார்கள்.

யு-505 கண்ட நல்ல காலமும் கெட்ட காலமும்

முதல் தளபதி ஆக்செல்-ஓலாஃப் லோவே. ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பிரான்சின் லோரியான் துறைமுகத்திலிருந்து 1942 பிப்ரவரியில் கிளம்பி, மேற்கு ஆப்பிரிக்காவில் ஃப்ரீடவுன் பக்கம் போனார். பிரிட்டன், நார்வே, அமெரிக்கா, நெதர்லாந்து என்று நான்கு நாட்டுக் கப்பல்கள் மூழ்கின. அடுத்து கரீபியன் கடல். அங்கே இரண்டு அமெரிக்கக் கப்பல்களோடு, ஜூலையில் கொலம்பிய நாட்டின் ஒரு சிறு பாய்மரக் கப்பலும் மூழ்கியது. கொலம்பியா அப்போது போரில் இல்லை. இந்தக் கட்டத்தில் குடல்வால் நோயால் லோவே ஊர் திரும்ப நேர்ந்தது.

அவர் இடத்துக்கு வந்தவர் பீட்டர் ஷெக் என்ற இளம் அதிகாரி. 1942 நவம்பர் 7 அன்று ஒரு பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடித்தார். யு-505 மூழ்கடித்த எட்டாவது கப்பல் அது. கடைசியும் அதுதான்.

மூன்றே நாளில், டிரினிடாட் பக்கத்தில் மேல்மட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது பிரிட்டிஷ் விமானப் படையின் ஹட்சன் விமானம் ஒன்று தாழப் பறந்து வந்து குண்டு போட்டது. முங்க அரை நிமிடம் வேண்டும், அந்த அரை நிமிடம் கிடைக்கவில்லை. ஒரு குண்டு நேராக மேல்தளத்தில் விழுந்து வெடித்தது. வெடித்த வேகத்தில் விமானமும் சிதைந்து கடலில் விழுந்து, அதில் இருந்த அனைவரும் இறந்தார்கள். படகின் தளம் கிழிந்து, பீரங்கி பிய்த்தெறியப்பட்டு, உள்குழாயும் அடிபட்டது. படகைக் கைவிடச் சொன்னார் ஷெக். எஞ்சின் ஆட்கள் மறுத்து, காப்பாற்றிப் பார்க்கிறோம் என்றார்கள். இரண்டு வாரம் போராடி அடைத்து, முக்கி முனகி லோரியான் கொண்டுவந்து சேர்த்தார்கள். இவ்வளவு சேதத்தோடு துறைமுகம் திரும்பிய யு-படகு வேறு இல்லை என்பார்கள். கட்டளையை மீறி நின்ற அந்த மெக்கானிக்குகளைத்தான் நான் இந்தக் கதையின் முதல் நாயகர்கள் என்பேன்.

பழுது பார்க்க ஆறு மாதம் ஆனது. அதற்குள் கடல் மாறிவிட்டது.

1943 மே மாதத்தில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட யு-படகுகள் அழிந்தன. டோனிட்ஸ் தன் படகுகளை வட அட்லாண்டிக்கிலிருந்து பின்வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. காரணம் ஒரே ஒரு புது ஆயுதம் அல்ல. குறுகிய அலைநீள ரேடார் விமானங்களில் பொருத்துமளவுக்குச் சிறிதாகிவிட்டது, இருட்டிலும் கோபுரத்தைப் பார்க்கும். நீண்ட தூரம் பறக்கும் விமானங்கள் நடுக்கடல் வரை வந்தன. அவை எட்டாத இடத்துக்குச் சின்ன விமானந்தாங்கிக் கப்பல்கள் வந்தன. எல்லாம் சேர்ந்து செய்தது ஒன்றைத்தான்: யு-படகிடமிருந்து கடல்மட்டத்தைப் பறித்துக்கொண்டன. முக்குளிப்பான் தலை தூக்கும் இடமெல்லாம் பருந்து காத்திருந்தால் அது என்ன செய்யும்?

யு-505க்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. லோரியான் தளத்தில் வேலை செய்த பிரெஞ்சுத் தொழிலாளர்கள், தங்கள் நாட்டைப் பிடித்தவனின் படகை ஒழுங்காகப் பழுது பார்ப்பார்களா? எண்ணெய்த் தொட்டியில் பென்சில் அளவு ஓட்டை. சரியாகப் பிடிக்காத பற்றவைப்பு. படகு கிளம்பும், சில நாளில் ஏதோ கசிந்து திரும்பி வரும். திரும்பத் திரும்ப இதே கதை. துறைமுகத்தில் மற்ற படகுக்காரர்கள், எப்போதும் உயிரோடு திரும்பி வரும் தளபதி ஷெக் ஒருவர்தான் என்று கேலி பேசினார்கள்.

1943 அக்டோபர் 24. அசோர்ஸ் தீவுகள் பக்கம் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் படகைக் கண்டுபிடித்துவிட்டன. குறிப்பிட்ட ஆழத்தில் வெடிக்கும்படி செய்த பீப்பாய் குண்டுகள் சுற்றிலும் வெடிக்கின்றன. விளக்குகள் அணைகின்றன. அந்த நேரத்தில், தன் ஆட்கள் கண்முன்னே, கட்டுப்பாட்டு அறையில் ஷெக் தன்னையே சுட்டுக்கொண்டார். எதிரி தாக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு தளபதி இப்படிச் செய்தது கடற்படை வரலாற்றில் வேறெங்கும் கேள்விப்படாத ஒன்று. முதல் அதிகாரி பால் மெயர் பதறாமல் பொறுப்பேற்று, தாக்குதலைத் தாங்கி, படகைக் கரை சேர்த்தார். குண்டுச் சத்தத்துக்கு நடுவே, அசையவும் முடியாமல், மூச்சுக் காற்று குறைந்துகொண்டே வர, இறந்த தளபதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்த அந்த ஐம்பது பேரை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது. நாஜிகளின் போர் அநியாயமான போர். அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்தக் குழாய்க்குள் இருந்தவர்களில் பலர் இருபது வயது தாண்டாத பையன்கள்.

(இந்தப் படகு ஓரிரு நாளில் திரும்பித் திரும்பி வந்துகொண்டிருந்த அதே ஆண்டில், இதே ஒன்பதாம் வகையின் நீண்ட வடிவமான யு-180, பிப்ரவரி 9 அன்று கீல் துறைமுகத்திலிருந்து இரண்டு இந்தியர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஒருவர் சுபாஷ் சந்திர போஸ், இன்னொருவர் ஆபித் ஹசன். ஏப்ரல் கடைசியில் மடகாஸ்கர் பக்கம் கொந்தளிக்கும் கடலில், ரப்பர் படகில் ஜப்பானின் ஐ-29 நீர்மூழ்கிக்கு மாறினார்கள். மலேயாத் தமிழர்கள் திரளாகச் சேர்ந்த இந்திய தேசிய ராணுவத்துக்கு நேதாஜி போய்ச் சேர்ந்தது இந்த வழியில்தான்.)

பிடிபட்ட நாள்

மூன்றாவது தளபதி ஹரால்ட் லாங்கே வயதில் மூத்தவர், நிதானமானவர். 1943 டிசம்பர் கடைசியில் பிஸ்கே விரிகுடாவில் மூழ்கிய ஜெர்மன் டார்பிடோக் கப்பல் ஒன்றின் முப்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகளைக் கடலிலிருந்து காப்பாற்றினார். 1944 மார்ச்சில் மறுபடி ஆப்பிரிக்கக் கரைக்குப் போனார். பல வாரம் அலைந்தும் ஒரு கப்பலும் சிக்கவில்லை.

அதே நேரத்தில் அமெரிக்கக் கேப்டன் டேனியல் கேலரி அந்தக் கடலில்தான் வேட்டையாடிக்கொண்டிருந்தார். குவாடல்கனால் என்ற சின்ன விமானந்தாங்கி, கூடவே ஐந்து காவல் கப்பல்கள். கேலரிக்கு ஒரு யோசனை இருந்தது. அடிபட்டு மேலே வரும் யு-படகிலிருந்து ஆட்கள் குதித்துத் தப்பிப்பார்கள். வெளியேறுமுன் படகை மூழ்கடிக்கத் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். அது மூழ்கச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் ஏறிவிட்டால்? இதற்காகவே ஆட்களைப் பழக்கி வைத்திருந்தார்.

1944 ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொரு மணிக்குப் பிறகு சாட்டலைன் என்ற காவல் கப்பலின் ஒலிக்கருவியில் எதிரொலி கேட்டது. மேலே பறந்த போர் விமானங்களுக்குத் தெளிந்த நீருக்கடியில் படகின் உருவம் தெரிந்தது. அது இருக்கும் இடத்தைக் காட்ட அவை நீரில் துப்பாக்கியால் சுட்டன. சாட்டலைன் குண்டுகளைப் போட்டது. சில நிமிடங்களில் யு-505 மேலே வந்துவிட்டது. சுக்கான் ஒரு பக்கமாகச் சிக்கிக்கொண்டதால் படகு வட்டமடித்துக்கொண்டிருந்தது. லாங்கே காயத்தோடு படகைக் கைவிட உத்தரவிட்டார். 58 பேர் உயிரோடு பிடிபட்டார்கள். ஒருவர் மட்டும் இறந்தார்.

ஆளில்லாத படகு தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருக்க, பில்ஸ்பரி கப்பலிலிருந்து லெப்டினன்ட் ஆல்பர்ட் டேவிட் எட்டு பேரோடு விசைப்படகில் துரத்திப்போய் ஏறினார். உள்ளே ஜெர்மானியர் காத்திருக்கலாம். வெடிகுண்டு வைத்திருக்கலாம். எந்த நிமிடமும் மூழ்கலாம். இருட்டுக்குள் இறங்கினார்கள். உள்ளே ஒரு மூடி கழற்றப்பட்டுக் கடல்நீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஜெனான் லுகோசியஸ் என்ற மாலுமி அந்த மூடியைத் தேடி எடுத்துப் பொருத்தி இறுக்கினார். தண்ணீர் நின்றது. எனிக்மா இயந்திரமும் சங்கேதப் புத்தகங்களும், கப்பல் விசிறிச் சத்தத்தைக் கேட்டுத் துரத்தும் புதுரக டார்பிடோக்களும் அப்படியே கைக்கு வந்தன. நடுக்கடலில் எதிரியின் போர்க்கப்பல் ஒன்றை அமெரிக்கக் கடற்படை பிடித்தது 1815க்குப் பிறகு இதுவே முதல் முறை. டேவிட்டுக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருது அறிவிக்கப்பட்டது. கையில் வாங்குமுன் அவர் இறந்துவிட்டார்.

ஆனால் இந்தப் பகுதியில் என் மனதைக் கவர்ந்தது வேறொன்று. படகு பாதி முங்கியபடி பின்பக்கம் தாழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரை இறைக்கப் படகின் பம்புகளை ஓட்ட வேண்டும், பேட்டரியிலோ சார்ஜ் இல்லை. குவாடல்கனாலின் பொறியாளர் ஏர்ல் ட்ரோசினோ யு-படகைப் பற்றி முன்பு அறிந்தவர் அல்ல. எண்ணெய் படிந்த அடித்தளத்தில் ஊர்ந்து ஊர்ந்து குழாய்களைத் தடவிப் பார்த்து ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று புரிந்துகொண்டார். பிறகு டீசல் எஞ்சினுக்கும் மோட்டாருக்கும் இருந்த இணைப்பைக் கழற்றிவிட்டார். சுவிட்சுகளைச் சார்ஜ் நிலையில் வைத்தார். "வேகமாக இழுங்கள்" என்று தகவல் அனுப்பினார். கயிற்றில் கட்டி இழுத்தபோது ஓடும் நீர் படகின் விசிறிகளைச் சுழற்றியது, விசிறி மோட்டாரைச் சுழற்றியது, மோட்டார் ஜெனரேட்டராகிப் பேட்டரியை நிரப்பியது. அந்த மின்சாரத்தில் படகின் பம்புகளே தண்ணீரை வெளியேற்ற, படகு நிமிர்ந்தது. இதன் உயிர் பேட்டரியில் இருக்கிறது என்பதை அந்த மனிதர் கையால் தடவியே கண்டுபிடித்துவிட்டார்.

படகை பெர்முடாவுக்குக் கொண்டுபோனார்கள். ஜூன் 19 அன்று சேர்ந்தது. இது வெளியே தெரிந்தால் ஜெர்மனி சங்கேதத்தையே மாற்றிவிடும். நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கியது பிடிபட்ட இரண்டாம் நாள்! அதனால் ஏறத்தாழ மூவாயிரம் மாலுமிகளிடம் வாயைத் திறக்கக் கூடாதென்று சொல்லப்பட்டது. அவர்களும் திறக்கவில்லை. ஜெர்மன் கைதிகளை லூயிசியானாவில் ரஸ்டன் முகாமில் தனியாக, செஞ்சிலுவைச் சங்கத்துக்குக்கூடத் தெரியாமல் வைத்தார்கள். ஊரில் அவர்கள் இறந்துவிட்டதாகவே குடும்பங்கள் நம்பின. போர்க்கால ரகசியம் என்று காரணம் சொன்னாலும் இது கைதிகளுக்குச் செய்த அநீதிதான் என்பது என் கருத்து.

யு-படகுகளில் போன சுமார் 40,000 பேரில் கிட்டத்தட்ட 30,000 பேர் திரும்பவில்லை. அந்தக் கணக்கில் பார்த்தால், பிடிபட்ட இந்த 58 பேர் பிழைத்தவர்கள்.

சிகாகோவில் ஒரு படகு

ஜெர்மானியர்களுக்கும் பேட்டரிதான் பிரச்சினை என்பது தெரியாமல் இல்லை. மேலே காற்றை இழுக்கும் நீண்ட குழாயைப் பொருத்தினார்கள். பிறகு இருபத்தொன்றாம் வகையைக் கட்டினார்கள். பேட்டரி செல்கள் மூன்று மடங்கு, மீன் போல வழவழப்பான உடல், மேலே ஓடுவதைவிட முங்கியபடி வேகம் அதிகம். அது தயாராகி வேட்டைக்குக் கிளம்பியபோது போரே முடிந்துவிட்டது.

யு-505ஐ போருக்குப் பிறகு குண்டு போட்டு மூழ்கடிக்க இருந்தார்கள். சிகாகோக்காரரான கேலரி விடவில்லை. மக்கள் பணம் திரட்டி, பெரிய ஏரிகள் வழியாக இழுத்து வந்து, அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தின் பக்கத்தில் கரையேற்றினார்கள். உள்ளே பாகங்கள் பலவற்றை ஆய்வுக்காகக் கழற்றியிருந்தார்கள். அருங்காட்சியகம் அவற்றைச் செய்த ஜெர்மன் நிறுவனங்களுக்கே எழுதிக் கேட்டது. எங்கள் நாட்டுத் தொழில்திறனுக்குப் பெருமை சேர்க்கட்டும் என்று காசு வாங்காமல் அனுப்பி வைத்தார்கள். 2004இல் படகை நிலத்தடியில் கட்டிய பெரிய கூடத்துக்குள் மாற்றினார்கள். இன்றும் அந்த 4.4 மீட்டர் குழாய்க்குள் நுழைந்து, கட்டில்களுக்கு இடையே ஒருக்களித்து நடந்து போகலாம்.

படகை நினைவுச் சின்னமாக அர்ப்பணித்தது 1954 செப்டம்பர் 25 அன்று. அடுத்த ஐந்தாம் நாள், செப்டம்பர் 30 அன்று, அமெரிக்காவின் குரோட்டன் நகரில் நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கி கடற்படையில் சேர்ந்தது. அதை ஓட்டியது அணு உலை. அது எரியக் காற்று வேண்டாம். பேட்டரியை நிரப்ப மேலே வரவும் வேண்டாம்.